தேசிங்கிடம் கற்ற ஒரே பாட்டு

எங்கள் வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும், கேக் வெட்டும்போது எனக்கு ஒரே ஒரு வேலைதான்: கை தட்டுவது. வாயைத் திறக்கக் கூடாது. இது என் மனைவி ரோஸ்லின் போட்ட சட்டம். என் மகள் ஒருபடி மேலே போய், நான் தொண்டையைச் செருமினாலே "அப்பா, வேணாம்" என்று கையைக் காட்டி நிறுத்திவிடுவாள். பாடத் தெரியாதவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எல்லோரும் நிம்மதியாகத்தான் வாழ்கிறார்கள். பாடத் தெரியாதவன் ஒரு பாட்டு வாத்தியாரைத் தேடிப் புறப்பட்டால்தான் வம்பு. நான் புறப்பட்டேன். பலனை ராயபுரத்தில் ஒரு தெருவே அனுபவித்தது.

அப்போது நான் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்தேன். ரோஸ்லின் அதே கம்பெனியின் பாரிமுனை ஆபீசில். எங்கோ மாட்டிக்கொண்ட ஒரு கன்டெய்னரைத் தேடப்போய்த்தான் நாங்கள் போனில் பேச ஆரம்பித்தோம். கன்டெய்னர் கிடைத்துவிட்டது, பேச்சு நிற்கவில்லை. கடைசியில் விஷயம் அவள் அப்பா காதுக்குப் போனது.

அவள் அப்பா லூர்துசாமி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். அது சம்பளத்துக்கு. மற்றபடி அவர் தன்னைப் பாடகர் என்றுதான் சொல்லிக்கொள்வார். ராயபுரம் கோயில் பாடகர் குழுவில் வாலிப வயதிலிருந்து பாடுகிறவர். அவர் அண்ணன் பாடுவார், தங்கை பாடுவார், சித்தப்பா மகன்கள் கிதார் வாசிப்பார்கள். அந்தக் குடும்பத்தில் மாப்பிள்ளை பார்த்தால் கேட்பது மூன்று கேள்விகள்: வேலை என்ன, குடிப்பானா, பாடுவானா. முதல் இரண்டில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் விட்டுக்கொடுப்பார்கள்.

"உன்னப் பத்தி அப்பாகிட்ட சொல்லிட்டேன் எட்வின்" என்றாள் ரோஸ்லின் ஒருநாள் போனில்.

"என்ன சொன்னாரு?"

"பையன் பாடுவானான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"சூப்பரா பாடுவாருப்பான்னு வாயில வந்துடுச்சு."

எனக்குக் காலடியில் தரை ஆடியது. (யார்டில் பெரிய ஃபோர்க்லிப்ட் போனாலும் தரை ஆடும். ஆனால் அன்று ஃபோர்க்லிப்ட் எதுவும் போகவில்லை.)

"வேற என்ன பண்றது? பெரம்பூர்ல ஒரு பையன பாத்து வெச்சிருக்காரு. அவன் பாடுவானாம், கீபோர்டு வேற வாசிப்பானாம். அடுத்த மாசம் அப்பா ரிட்டையர் ஆகறாரு, வாசல்ல பந்தல் போட்டு ஃபங்ஷன். அன்னிக்கு நீ வந்து ஒரே ஒரு பாட்டு பாடிடு. அவருக்குப் பிடிச்சுதுன்னா அங்கேயே பேசி முடிச்சிடலாம். பிடிக்கலன்னா பெரம்பூர்தான்."

ஒரு மாசம். ஒரு பாட்டு. இல்லாவிட்டால் பெரம்பூர் கீபோர்டு. இப்படித்தான் நான் பாட்டு வாத்தியார் தேட ஆரம்பித்தேன்.

ராயபுரத்தில் யாரிடமும் போக முடியாது. அங்கே பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற அத்தனை பேரும் லூர்துசாமிக்குத் தோஸ்து. ஆகவே தண்டையார்பேட்டையில் ஒரு கர்நாடக சங்கீத டீச்சரைப் பிடித்தேன். அந்த அம்மா சுருதிப் பெட்டியைப் போட்டு, "ஸா சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். சுருதிப் பெட்டியை அணைத்துவிட்டு, "என்ன வேலை பார்க்கறேள்?" என்று கேட்டார்.

"கன்டெய்னர் யார்டுல மேடம்."

"நல்ல வேலை. விட்டுடாதீங்கோ" என்று சொல்லி, ஒரு டம்ளர் காபி கொடுத்து அனுப்பிவிட்டார். காபி உண்மையிலேயே நன்றாக இருந்தது.

அடுத்து திருவொற்றியூரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் நடந்த பாட்டு வகுப்பு. அங்கே என்னோடு படித்தவர்கள் எல்லோரும் மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு. குட்டி நாற்காலியில் முட்டி காதுக்குப் பக்கத்தில் வர உட்கார்ந்து பாடினேன். பக்கத்தில் இரட்டைச் சடை போட்ட ஒரு பாப்பா என் சட்டையை இழுத்து, "அங்கிள், நீங்க வாய் மட்டும் அசைங்க, நாங்க பாடிக்கறோம்" என்றது. மாஸ்டர் அதைக் கண்டிப்பார் என்று பார்த்தேன். அவர் தலையை ஆட்டி ஆமோதித்தார்.

மானம் போகாத வழி என்று போனில் ஒரு ஆப் இறக்கினேன். நாம் பாடினால் அது கோடு போட்டுக் காட்டும், சரியாகப் பாடினால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. நான் உயிரைக் கொடுத்து ஒரு பல்லவி பாடி முடித்தேன். "உங்கள் மைக்கைச் சரிபார்க்கவும்" என்றது.

இந்த நிலைமையில்தான் டிரெய்லர் டிரைவர் பன்னீர் வந்தார். துறைமுக கேட்டுக்கு வெளியே வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது பன்னீர் எங்கள் ஆபீஸ் ஏசியில் வந்து உட்காருவார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா எட்வினு, பேஜாரா கீற?" என்று கேட்டார். கொட்டித் தீர்த்தேன்.

"அட இதுக்கா மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற? வியாசர்பாடில நம்ம தோஸ்து ஒருத்தன் கீறான், தேசிங்குன்னு. இன்னா மாதிரி பாடுவான் தெரியுமா? கல்லு கூட அழும். தெனிக்கும் ப்ரோக்ராம்தான். நா சொன்னா கத்துக்குடுப்பான்."

தினமும் ப்ரோக்ராம்! இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், தேசிங்கைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். கண்கள் சிவந்திருந்தன. "நைட்டு ஃபுல்லா ப்ரோக்ராம் நைனா, இப்பதான் வந்தேன்" என்று சொல்லி ஒரு டோலக்கைத் தொடை மேல் சாய்த்துக்கொண்டார். "பாடு, கேப்போம்."

பாடினேன். ஓடிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். தேசிங்கு கண்ணை மூடிக் கேட்டார். அப்புறம் என் தோளில் தட்டினார்.

"இன்னா கொரல் நைனா இது! நாங்கல்லாம் கஸ்டப்பட்டு அழுவாச்சிய வரவெக்கணும். உனக்கு வாயத் தொறந்தாலே அழுவாச்சி வருதே!"

என் வாழ்க்கையில் என் குரலை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அந்த நிமிஷமே அவரை என் குருவாக ஏற்றுக்கொண்டேன்.

தேசிங்கின் முறையே தனி. ஸரிகம எல்லாம் கிடையாது. "யாருக்குப் பாடறோமோ அவுங்களப் பத்திதான் பாட்டு" என்பார். லூர்துசாமியின் பேர், தெரு, வேலை, பிள்ளைகள், எந்த மீன் பிடிக்கும், யார் யார் கூட்டாளி, எல்லாவற்றையும் ரோஸ்லினிடம் கேட்டு வந்து சொன்னேன். ("எதுக்கு?" என்றாள். "சர்ப்ரைஸ்" என்றேன்.) ரிட்டையர்மென்ட் ஃபங்ஷன், வருங்கால மாமனார், மேட்டர் ரொம்ப சீரியஸ் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். தேசிங்கு கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார்.

"ரிட்டேரா? நா இதுக்கு மின்ன ரிட்டேருக்குப் பாடுனதில்ல. பரவால்ல. பெரிய மன்சன் ஒருத்தர உக்கார வெச்சு நல்லதா நாலு வார்த்த பாடறோம். அவ்ளோதான?"

அவ்வளவுதானே என்று நானும் சொன்னேன்.

பயிற்சி கடுமையாக இருந்தது. நான் பாடும்போது தேசிங்கின் மனைவியும் பக்கத்து வீட்டு அக்காவும் காதருகில் நின்று சத்தம் போடுவார்கள். "சுத்தி இன்னா கூச்சல் போட்டாலும் சுதி வுடக் கூடாது" என்பது பாடம். சிரித்துக்கொண்டே பாடினால் முதுகில் ஒரு அடி. வகுப்புகள் அடிக்கடி ரத்தாகும். "அவசரமா ஒரு ப்ரோக்ராம் வந்துட்சு" என்பார். "முன்னாடியே புக் பண்ண மாட்டாங்களா?" என்று கேட்டேன். "என் தொழில்ல எவன் நைனா மின்கூட்டியே புக் பண்ணுவான்?" என்று சிரித்தார். ஒருநாள், "நேத்து ப்ரோக்ராம் கேன்சல். அந்தப் பெரியவர ஆஸ்பத்திரிலேந்து வூட்டுக்கு அனுப்பிட்டாங்க" என்றார். நோயாளிக்குத் தொந்தரவு வேண்டாம் என்று ப்ரோக்ராமையே விட்டுக்கொடுக்கிறாரே, எப்பேர்ப்பட்ட மனசு என்று நான் உருகிப் போனேன். (இவ்வளவு மண்டு ஒருவனை நம்பி எப்படிக் கன்டெய்னர்களை ஒப்படைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.)

விழா நாள் வந்தது. சாயங்காலம் தேசிங்கும் நானும் ஆட்டோவில் ராயபுரத்தில் இறங்கினோம். டோலக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் தெருவில் நடக்க ஆரம்பித்ததும் ஜனங்கள் விலகி வழி விட்டார்கள். டீக்கடைக்காரர் ரேடியோவை நிறுத்தினார். மளிகைக் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். ஒரு பெரியவர் தேசிங்கிடம் வந்து, மெதுவான குரலில், "யாருப்பா?" என்று கேட்டார்.

"லூர்துசாமி வூட்டுக்கு வந்தோம்" என்றார் தேசிங்கு.

"அடக் கடவுளே! காலைல கூட பாத்தனே" என்று அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

என் குருநாதருக்கு இந்த ஊரில் இவ்வளவு மரியாதையா என்று நான் மார்பை நிமிர்த்தி நடந்தேன்.

வாசலில் ஷாமியானா. தெருவை அடைத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகள். நடுவில் பட்டுத் துணி போர்த்திய பெரிய நாற்காலியில், கழுத்து வரைக்கும் ரோஜா மாலைகளோடு, போட்டோவுக்காக அசையாமல் உட்கார்ந்திருந்தார் லூர்துசாமி. எல்லாமே இருந்தது, பாட்டு ஒன்றுதான் பாக்கி. அதை நான் போய் நிறைவு செய்தேன்.

ரோஸ்லின் மைக்கில் என் பெயரைச் சொன்னாள். லூர்துசாமி என்னை மேலும் கீழும் பார்த்து, "பாடு தம்பி, கேக்கலாம்" என்றார். தேசிங்கு டோலக்கைத் தட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன்.

"ராயபுரம் தெருவுல
ராசாவாட்டம் நடந்தியே
கிரேனு மேல குந்திகினு
கப்பலெல்லாம் பாத்தியே..."

கூட்டம் கப்சிப் என்று ஆனது. சொக்கிப் போய்விட்டார்கள் என்று நினைத்து அடுத்த சரணத்துக்குத் தாவினேன்.

"சங்கு ஊதும் நேரமாச்சு
சட்ட மாட்ட ஆளில்ல
சோத்துத் தூக்கு காத்துகினு கீது
சாமி உன்ன காணலியே..."

"ஐயோ, அண்ணா!" என்று ஒரு அலறல். கண்ணைத் திறந்தேன். லூர்துசாமியின் தங்கை, காசிமேட்டு அத்தை, மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். அவர் அண்ணன் உயிரோடு எதிரில் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியும். ஆனால் அந்த மெட்டு காதில் விழுந்ததும் உடம்பு தானாக அழ ஆரம்பித்துவிட்டது. அவரைப் பார்த்து இன்னும் நாலு பெண்கள் தோளோடு தோள் சேர்ந்து அழ உட்கார்ந்தார்கள். யாரோ கலர் சீரியல் லைட்டை அணைத்தார்கள். அடுப்பில் பிரியாணி அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்த மாஸ்டர் கரண்டியை வைத்துவிட்டு, தலையில் கட்டிய துண்டை அவிழ்த்தார்.

வடசென்னைக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஒருவர் காலமானால், வாசலில் பந்தல் போட்டு, கானாப் பாடகரை வரவழைத்து, போனவரின் பேர், ஊர், தொழில், குணம் எல்லாவற்றையும் பாட்டாகக் கட்டி இழவு வீட்டில் பாட வைப்பார்கள். அதற்கு மரண கானா என்று பெயர். அதற்கென்றே மெட்டு இருக்கிறது. ராயபுரத்தில் நடக்கப் பழகிய குழந்தைக்குக்கூட அது தெரியும். நான் வளர்ந்ததோ எண்ணூரில் அனல்மின் நிலையக் குவார்ட்டர்ஸில், காம்பவுண்டுச் சுவருக்குள்ளே. அங்கே யாராவது போய்விட்டால் வேன் வந்து சொந்த ஊருக்கு எடுத்துப் போய்விடும். தேசிங்கின் தினசரி ப்ரோக்ராம் என்ன என்று எனக்கு அந்த மைக்குக்கு முன்னால் நின்றபோதுதான் விளங்கியது.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் சுற்றி என்ன கூச்சல் வந்தாலும் சுதி விடக்கூடாது என்று அத்தனை வாரம் பழக்கிவிட்டிருந்தார்களே! வாய் தானாகப் பாடிக்கொண்டே போனது. ரோஸ்லின் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு அந்தப் பெரம்பூர்ப் பையன் கீபோர்டோடு மணவறையில் நிற்பது தெளிவாகத் தெரிந்தது.

அப்போதுதான் காதர் பாய் வந்தார். வண்ணாரப்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், லூர்துசாமியின் முப்பது வருஷக் கூட்டாளி. விழாவுக்குப் பரிசாகச் சுவர்க் கடிகாரம் வாங்கிக்கொண்டு வந்தவர், தெருமுனையில் என் பாட்டைக் கேட்டிருக்கிறார். கடிகாரத்தை அப்படியே டீக்கடையில் வைத்துவிட்டு, எதிரே இருந்த பூக்கடையில் பெரிய மாலையாக ஒன்று வாங்கிக்கொண்டு ஓடிவந்தார். கண்ணீரில் அவருக்கு எதுவும் தெரியவில்லை. மாலையை லூர்துசாமியின் காலடியில் வைத்து, மண்டியிட்டு, கதறினார்.

"மாமு! ஃபங்ஷனுக்கு வான்னு சொல்ட்டு இப்டி போய்ட்டியே மாமு! இன்னா மன்சன்டா நீ! எனக்கு ஒடம்பு முடியாதப்ப எட்டு நாளும் ஆஸ்பத்திரி தரையில படுத்தியே! ஒனக்கோசரம் நா இன்னா பண்ணேன்? ஒண்ணே ஒண்ணுதான் பண்ணேன். முப்பது வருசமா ஒன் பாட்ட கேட்டுகினு, ஒருநாளாச்சும் கேவலமா கீதுன்னு சொன்னனா? பொறுத்துக்கினேனே மாமு!"

டோலக் நின்றது. நான் நின்றேன். அழுகைகூட நின்றுவிட்டது.

பட்டுத் துணி நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. "கேவலமா கீதா?"

காதர் பாய் நிமிர்ந்து பார்த்தார். அவர் போட்ட கூச்சல் காசிமேடு வரைக்கும் கேட்டிருக்கும்.

முதலில் சிரித்தது ரோஸ்லினின் அம்மா மேரி. வாயைப் பொத்திக்கொண்டு ஆரம்பித்து, முடியாமல், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நா சொல்லணும்னு எத்தினி வருசமா நெனச்சுகினு இருந்தேன் பாய்!" என்றார். அவ்வளவுதான். காசிமேட்டு அத்தை கண்ணீரோடு சிரித்தார். பாடகர் குழுவிலிருந்து வந்திருந்த பத்துப் பேரும் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினார்கள். அத்தனை வருஷமாக அவர்களும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

லூர்துசாமி சிரிக்கவில்லை. மாலையை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தார். என்னைக் கூப்பிட்டார். அவர் முன்னால் போய் நின்றேன்.

"பாட்டு இன்னும் எவ்ளோ கீது?"

"மூணு சரணம் அங்கிள். தெரியாம..."

"பாடு."

"அங்கிள்?"

"பாடுன்றன்ல. இத்த அவனவன் போனப்பறம் பாடுறாங்க. எவனுக்குக் காதுல வுழுவுது? எனக்கு வுழுந்துகினு கீது. மிச்சத்தையும் கேட்டுட்டுப் போறேன்."

பாடினேன். சுதி எங்கேயோ போனது. மேரி அத்தை கட்டிக் கொடுத்த சோற்றுத் தூக்கு, மழையில் கிரேன் மேலேயே மாட்டிக்கொண்டு விடிந்த பொழுது, மூத்த மகன் பிறந்த சேதி கேட்டுக் கப்பலெல்லாம் ஹாரன் அடித்ததாக அவர் விடுகிற கதை, எல்லாம் வரிசையாக வந்தன. கடைசிச் சரணத்தில் லூர்துசாமி காதர் பாயின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. தேசிங்கு மட்டும் அழவில்லை. தொழில்காரர்.

பாட்டு முடிந்ததும் லூர்துசாமி மூக்கைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "கொரல் மகா மட்டம். என் கொரலையே கேவலம்ன்றாங்க, அப்ப உன்னுத இன்னான்னு சொல்றது? ஆனா என்னப் பத்தி இவ்ளோ சமாச்சாரம் எவனும் கேட்டுக்கினு வந்து பாடுனதில்ல. பொண்ண கட்டிக்கோ. ஒரே ஒரு கண்டிசன். நா மெய்யாலுமே போற அன்னிக்கி நீ பாடக் கூடாது. இதோ இவர்தான் பாடணும்."

தேசிங்கு கும்பிட்டார். அவர் தொழிலில் முன்கூட்டியே புக் பண்ணிய ஒரே ஆள் இன்றுவரை என் மாமனார்தான்.

திரும்பும்போது நான் தேசிங்கிடம் சண்டை போட்டேன். "ஏன்யா, இதுதான் உன் பாட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ கேட்டியா நைனா? பாட கத்துக்குடுன்ன, குடுத்தேன். பொண்ணு கெட்ச்சுதா இல்லியா?" என்றார்.

கல்யாணம் முடிந்து வருஷங்கள் ஓடிவிட்டன. மாமனார் குத்துக்கல் மாதிரி இருக்கிறார். வருஷா வருஷம் அவர் பிறந்தநாளுக்குத் தேசிங்கு வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு அந்தப் பாட்டைப் பாட வேண்டும், மாமனார் திருத்தம் சொல்வார். வஞ்சிர மீனைப் பற்றி ஒரு வரி போதாது என்பார். பேரப்பிள்ளைகள் பேரைச் சேர்க்கச் சொல்வார். காதர் பாய் பேர் வரும் சரணத்தை ஒரு வருஷம் கோபத்தில் நீக்கினார், அடுத்த வருஷமே திரும்பப் போட்டார்.

இந்த வருஷம் தேசிங்கு புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டு வந்தார்.

"மூணு புள்ள பெத்தெடுத்து
முத்தா வளத்து வெச்சியே
பாடத் தெரியா மருமவன
பாத்து நீயும் புட்ச்சியே..."

வீடே உருண்டு புரண்டு சிரித்தது. என் மகள் தரையில் விழுந்து சிரித்தாள். "இதை எடுத்துடுங்க தேசிங்கு" என்றேன்.

"எடுக்காத" என்றார் மாமனார். "அது அங்கயே இருக்கட்டும். அன்னிக்கி எல்லாரும் அழுதுகினு இருப்பாங்க, மேரி ரொம்ப அழுவா. இந்த வரி வர்றப்ப கொஞ்சம் சிரிப்பா." பிறகு என் பக்கம் திரும்பினார். "மாப்ள, கண்டிசன கொஞ்சம் தளத்தறேன். இந்த ஒரு வரி மட்டும் நீ பாடு. ஆனா பிராக்டீஸ் பண்ணாத. நல்லா வந்துடப் போவுது."

சரி மாமா, ஆனால் அவசரம் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.